ஏழு பூட்டு பங்களா

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டு வீட்டு ஆண்களும் ஒரே சங்குக்கு எழுந்து, ஒரே மாதிரி சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய், ஒரே மாதிரி எண்ணெய்க் கறையோடு திரும்பி வருவார்கள். அதனால் அவர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் கிடையாது. சண்டையெல்லாம் பெண்களுக்குள்தான். எந்த எழுத்தாளர் உசத்தி என்பதில் அவர்கள் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்ததும், பெண்கள் ஏழெட்டுப் பேர் திருநெல்வேலி அக்கா வீட்டுப் பின்புறம் கூடுவார்கள். குவார்ட்டர்ஸில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை. எந்த ஊரிலிருந்து வேலைக்கு வந்தார்களோ அந்த ஊரே பெயராக ஒட்டிக்கொள்ளும். சுவர் நிழல் விழும் இடத்தில் கோணியை விரித்து உட்கார்ந்து, அந்த வாரம் யார் என்ன படித்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நாலு வாரப் பத்திரிகைகளை நாலு வீடுகள் வாங்கும். பன்னிரண்டு வீடுகள் படிக்கும். தொடர்கதை முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பழைய கல்யாணப் பத்திரிகையை அட்டையாக ஒட்டிவிடுவார்கள். உள்ளே கொலை நடந்துகொண்டிருக்கும். மேலே மஞ்சள் தடவிய பிள்ளையார் இருப்பார்.

அம்மாவுக்குக் குடும்பக் கதை எழுதும் ஓர் அம்மாள் மேல் உயிர். அந்த அம்மாளின் கதாநாயகி அழும் வாரங்களில் எங்கள் வீட்டில் குழம்பு அடிப்பிடிக்கும். டைப் படிப்பதற்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த சித்திக்கு ராஜா ராணிக் கதை. திருநெல்வேலி அக்காவுக்குத் துப்பறியும் கதை. அவர் படித்து முடித்ததும் கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவார் என்பதால், அவர் வாயைத் திறக்கும் முன் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கோயம்புத்தூர் அக்கா தொடர்கதையைத் தொட மாட்டார். முழுப் புத்தகம்தான். படித்த புத்தகங்களின் பெயர், எழுதியவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அந்த நோட்டில் ஏறாத எழுத்தாளர் எழுத்தாளரே அல்ல என்பது போல ஒரு மிடுக்கு அவருக்கு உண்டு.

இவர்களில் உள்ளூர்க்காரர் என்று சொல்ல ஒருவர்தான் இருந்தார். பக்கத்துச் சேக்காட்டில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டுக்காரர் வயல்வேலையை விட்டுவிட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். நான் அவரை அத்தை என்பேன். அத்தை வாராவாரம் ஒரு பத்திரிகையை வாங்கிப் போவார். கசங்காமல் திருப்பிக் கொடுப்பார். எந்தக் கதையைப் பற்றிக் கேட்டாலும் கடைசி ஆளாக, “நீங்க சொன்னாப்லதான். சோக்காத்தான் எழுதிகீறாங்க” என்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் கோணியில் எப்படியாவது ஓர் இடம் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் என் வாழ்க்கையின் ஒரே லட்சியம். அவர்கள் பேசும்போது ஒருவர் கண்கலங்குவார், ஒருவர் தொடையில் தட்டிச் சிரிப்பார். வேறு எங்கும் பெரியவர்கள் அப்படி விளையாடி நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகப் போய் கோணியின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“கண்ணு, இது படிக்கறவிய கூட்டமுங்க. படிக்காதவியளுக்கு இங்க எடமில்ல. போயி வெளையாடு சாமி” என்றார் கோயம்புத்தூர் அக்கா. அன்பாகத்தான் சொன்னார்.

“நானும் கதைப்புத்தகம் படிக்கிறேன்” என்றேன்.

“அப்பிடியா? என்ன புஸ்தகமுங்க?”

“ஏழு பூட்டு பங்களா.”

எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. வாயைத் திறந்தேன், வந்து விழுந்தது. எழுதியது யார் என்பது அடுத்த கேள்வி. அதற்கு முந்தின நாள்தான் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்து நெமிலிச்சேரிக்கு அழைத்துப் போயிருந்தார். “நெமிலிநாதன்” என்றேன்.

கோயம்புத்தூர் அக்கா நோட்டைப் புரட்டினார். புருவத்தைச் சுருக்கினார். அந்த நேரத்தில் சித்தி எனக்குக் கைகொடுத்தாள். ஓர் எழுத்தாளரைத் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிட டைப் பரீட்சையில் தோற்றுப்போவதை மேலாக நினைப்பவள் சித்தி. “நெமிலிநாதனா? ரொம்ப நாளா எழுதறாரே” என்றாள்.

அவ்வளவுதான். நெமிலிநாதன் பிறந்துவிட்டார்.

புத்தகம் பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிறது, வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், டீச்சர் தினம் கொஞ்சம் படிக்க விடுகிறார் என்று சொல்லி வைத்தேன். கதையையும் சொன்னேன். ஒரு ஜமீன்தார் மகள். அவள் அப்பா செத்ததும், சொத்துக்கு ஆசைப்பட்ட மாமன் அவளை ஒரு பங்களாவில் வைத்து ஏழு பூட்டுப் போட்டுவிடுகிறான். ஏழு சாவியும் ஏழு இடத்தில். அந்த வாரம் முதல் பூட்டைத் திறந்தேன். சாவி ஒரு செவிட்டு வண்டிக்காரனிடம் இருந்தது. என்ன கேட்டாலும் அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவான். எல்லோரும் சிரித்தார்கள். கோணியில் எனக்கு இடம் கிடைத்தது.

இரண்டாவது சாவி கோயில் யானையின் காலடியில் புதைந்திருந்தது. யானை காலைத் தூக்கப் போகிற நேரத்தில் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் குழாயடியில் திருநெல்வேலி அக்கா என் குடத்தைப் பிடித்து நிறுத்தினார். “ஏட்டி, யான கால தூக்குச்சா இல்லியா? அத மட்டும் சொல்லிட்டு தண்ணியப் பிடி.”

அம்மா என் தட்டில் அப்பளம் ஒன்று அதிகமாக வைக்க ஆரம்பித்தாள். எனக்கோ தூக்கம் போயிற்று. பூட்டு ஐந்து போட்டிருக்கலாம். மூன்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஏழு என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். கணக்கு வகுப்பில் மற்றவர்கள் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, நான் சாவியை எங்கே ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் வேறு வழியில்லாமல் சாவியை ஏரியில் ஒரு முதலையை விழுங்க வைத்தேன்.

“ஏரியில முதல இருக்குமுங்களா?” என்றார் கோயம்புத்தூர் அக்கா.

“அதுதான் நெமிலிநாதன்!” என்றாள் சித்தி. “நாம எதிர்பார்க்காததை எழுதுவார். அவர் நடையே தனி நடை.” இதைச் சொல்லும்போது அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. எனக்கே ஒரு கணம் அவர் நடை தனி என்று தோன்றியது.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்கு முன்பே கோயம்புத்தூர் அக்கா நோட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ மூர் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துட்டாருங்க. பழைய புஸ்தகக் கடை ஒண்ணு பாக்கியில்ல. நெமிலிநாதன்னு ஒருத்தர ஒரு கடக்காரருக்கும் தெரியலீங்களாம்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நாளைக்குப் பள்ளிக்கோடத்துக்கு வந்து உங்க டீச்சரையே கேட்டுப்போடறேன் கண்ணு. அலமாரியில இருக்கற புஸ்தகத்தப் பாத்தாப் போச்சு.”

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. அடி விழும் என்பது கூடப் பெரிதில்லை. சித்தியைப் பார்த்தேன். கையில் இருந்த பத்திரிகையைக் குழலாகச் சுருட்டிக்கொண்டே போனாள். தனி நடை என்று சொன்னவள் அவள். அந்தப் பெண்களில் வயதில் சின்னவள் அவள்தான். ஆனாலும் கதை என்றால் எல்லோரும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாளை காலை பத்து மணியோடு அந்த மதிப்பு போய்விடும். என்னால் போகும். அம்மாவோ ஒன்றும் புரியாமல், “கேட்டுட்டு வாங்களேன், அப்படியே எனக்கும் வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சேக்காட்டு அத்தை தொண்டையைக் கனைத்தார்.

“அந்தக் கத நான் பட்ச்சிகீறேன்.”

எல்லோரும் திரும்பினார்கள். அத்தை முதலில் பேசி யாரும் கேட்டதில்லை.

“கல்யாணத்துக்கு மின்னாடி. எங்க ஊட்ல ஒண்ணு கெடந்துச்சி. அட்ட கெடையாது, பேரு போட்ட பக்கம் கியிஞ்சி பூட்ச்சி. இந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல, இன்னாடா இது எங்கியோ தெர்ஞ்ச கத மாறி கீதேன்னு ரோசன பண்ணிகினே இருந்தேன். முதல வந்ததும்தான் ஞாபகம் வந்துச்சி. இப்ப அது எங்கியும் கெடிக்காது. அந்தக் காலத்துப் பொஸ்தகம்.”

பயம் போன வேகத்தில் எனக்கு வேறொரு திகில் வந்தது. நான் சொந்தமாகக் கட்டியதாக நினைத்த கதையை ஏற்கெனவே ஒருவர் எழுதியிருக்கிறார்! முதலை உட்பட! அப்படியானால் உண்மையிலேயே நெமிலிநாதன் என்று ஒருவர் இருக்கிறாரா?

“அப்ப அஞ்சாவது பூட்டு என்னங்க?” என்றார் கோயம்புத்தூர் அக்கா, விடாமல்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “அஞ்சாவது சாவி வெளிய எங்கியும் இல்ல. அந்த மாமங்காரன் பொண்டாட்டி இடுப்புலதான் கீது. அவதான் அந்தப் பொண்ணுக்கு டெய்லி சோறு கட்டி அனுப்பறவ. புருசன் சொன்னான்னு அனுப்பிகினு கீறா. ஒரு நாளு சோத்த உருட்டிகினு இருக்கசொல்லோ அவளுக்கே மனசு கேக்கல. சாவிய உருண்டைக்குள்ள வெச்சி அனுப்பிச்சிட்டா.”

“அடி ஆத்தாடி!” என்றார் திருநெல்வேலி அக்கா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆறாவது நீ சொல்லும்மே. எனக்கு மறந்து பூட்ச்சி” என்று அத்தை என்னைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. ஆறாவது சாவியை மாமன் தன் கட்டைமீசைக்குள் முடிந்து வைத்திருந்தான் என்றேன். தும்மல் வந்தால் விழுந்துவிடும் என்று அவன் மிளகாய் இல்லாமலே சாப்பிட்டான் என்றேன். “ஆமா ஆமா, அந்தப் பொண்டாட்டிதான் மொளகாத் தூள அடுப்புல கொட்டுனா” என்றார் அத்தை. மாமன் தும்மினான். கூட்டமே தும்மியது போல ஒரு சிரிப்பு. ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆண் யாரோ எழுந்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏழாவது பூட்டுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அத்தை எடுத்துக்கொண்டார்.

“ஏழாவது பூட்டு உள்ளாற இருந்துச்சி. அத்த மாமங்காரன் பூட்டவே இல்ல. சொம்மா மாட்டி உட்டுகீறான், தொங்கிகினு கீது. அந்தப் பொண்ணு ஒரு தபா இஸ்த்துப் பார்த்தா, கையோட வந்துருச்சி.”



“அப்புறம் அவளுக்கு யாரோட கல்யாணம்?” என்று சித்தி மெதுவாகக் கேட்டாள்.

“கல்யாணமா? அதெல்லாம் இல்ல. நேரா ரோட்டுக்கு வந்தா. ஒரு கடையாண்ட நின்னு, சூடா ஒரு டீ வாங்கிக் குட்ச்சா. அதோட கத முட்ஞ்சிச்சி.”

ஜமீன்தார் மகள் ரோட்டோரத்தில் நின்று டீ குடித்ததை நினைத்து அன்று அவர்கள் சிரித்த சிரிப்பு, அதற்குப் பிறகு எந்தப் பெரிய எழுத்தாளருக்கும் கிடைத்து நான் பார்க்கவில்லை. கதையே முடிந்துவிட்டதால் டீச்சரைக் கேட்கும் பேச்சைக் கோயம்புத்தூர் அக்கா விட்டுவிட்டார். நோட்டில் ‘நெமிலிநாதன், ஏழு பூட்டு பங்களா’ என்று எழுதி, பக்கத்தில் ‘கடையில் கிடைக்கவில்லை’ என்றும் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அத்தை வீட்டுக்கு ஓடினேன். அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்.

“அத்தை, அந்தப் புத்தகத்தை எனக்குக் காட்டுங்க.”

“எந்தப் பொஸ்தகம்?”

“அட்டை இல்லாதது. நெமிலிநாதன்.”

அத்தை ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

“ஏம்மே, மெய்யாலுமே கீதுன்னு நெனச்சிகினியா? நீ உட்ட கதைய நானும் சேந்து உட்டேன். அந்த கோயம்புத்தூரம்மா உன்னப் பார்த்த பார்வையில உன் மூஞ்சி செத்துப் பூட்ச்சே, எனக்குத் தாங்கல.”

“அப்ப புத்தகமே இல்லையா?”

“பொஸ்தகம் இருந்தாலும் எனக்கு இன்னா ஆவப் போவுது? எனக்குத்தான் எய்த்துக் கூட்டிப் படிக்கவே தெரியாதே.”

நான் நம்பவில்லை. வாராவாரம் பத்திரிகை வாங்கிப் போகிறவர் அவர். அலமாரித் தட்டில் அந்த வாரத்துப் பத்திரிகை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை எடுத்து விரித்தார்.

“பொம்ம பார்ப்பேன். இவ அய்வுறா, இவன் மொறைக்கிறான், தெர்தில்ல. மிச்சத்த அவுங்க பேசசொல்லோ புட்ச்சிக்குவேன். எங்க ஊட்டுக்காரருக்கும் கையெய்த்துப் போடத்தான் தெரியும். அவராண்ட கேக்க முடியாது. வாரா வாரம் எவளாவது எதாவது கேட்டுடுவாளோன்னு பயந்துகினேதான் குந்தியிருப்பேன். உன் கதையிலதான் எனக்குப் பயமே இல்ல. அத்த அவுங்களும் படிக்கல பாரு!”

அவர் அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. “நான் படிச்சுக் காட்டறேன் அத்தை” என்றேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கற்பூரம் அடிக்காத குறையாக என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் ரகசியம் என்னிடம், என் ரகசியம் அவரிடம்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீடு. அம்மாவின் எழுத்தாளர் எழுதிய தொடர்கதை அந்த வாரம் முடிந்திருந்தது. தைத்து வைத்த பத்திரிகைக் கட்டை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் போனேன். நான்கு நாளில் முழுக் கதையையும் படித்தேன். சொந்த வீட்டையும் மனைவியையும் விட்டு ஓடிப்போன கணவன் பத்து வருஷம் கழித்து, நோயாளியாக, மழையில் நனைந்துகொண்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் கதவைத் திறந்து, அவன் காலைக் கண்ணீரால் கழுவுகிறாள். அந்த இடத்தில் அம்மா எப்படிக் குரலைத் தழதழக்க வைப்பாளோ அப்படியே நானும் செய்தேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். “அந்தப் பத்து வருசம் அவ இன்னா துன்னா?” என்றார்.

“அது கதையில இல்லை அத்தை.”

“எவனாவது அவளுக்கு வேலை குட்த்தானா?”

“அதுவும் போடலை.”

“உம்” என்றார். “படி.”

எனக்கு ஒரே பெருமை. இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை யாரையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அம்மா சொல்வதை, திருநெல்வேலி அக்கா சொல்வதை, வரிக்கு வரி அவரும் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா கதை முடிவைச் சொல்லித் தழதழத்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் இரண்டு மூன்று இடத்தில் கேட்டது. வழக்கத்துக்கு மாறாக, கடைசிவரை காத்திருக்காமல் அத்தை குறுக்கே புகுந்தார்.

“அவ கதவத் தொறந்தது தப்பு.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “என்ன சொல்றீங்க? புருஷன் மழையில நிக்கறான்!”

“நிக்கட்டுமே. பத்து வருசம் எந்த மழையில நின்னான்? அதுவரிக்கும் அவ இன்னா துன்னா, எப்டி பொயச்சா, அத்த அந்த எய்தற அம்மா ஒரு வரி எய்தல. நாலாவது வாரத்துல அவ கம்மலக் கயட்டறா. அதுக்கப்பறம் அந்தக் கம்மலு திரும்பி வரவே இல்ல. அத்தப் பத்தி யாருக்கும் கவல இல்ல. வந்தவனுக்குக் கால கயுவறாளாம்!”

“நீங்க எங்க எழுத்தாளரை அப்படிப் பேசக் கூடாது” என்று அம்மா எழுந்து நின்றுவிட்டாள். “சேக்காட்டக்கா சொல்றது நியாயம்தானே அக்கா?” என்று சித்தி அத்தைப் பக்கம் சேர்ந்துகொண்டாள். கோயம்புத்தூர் அக்கா பத்திரிகைக் கட்டை வாங்கி, கம்மல் எந்த வாரத்தில் வருகிறது என்று தேட ஆரம்பித்தார். கம்மல் அங்கே இருந்தது. திருநெல்வேலி அக்காவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “ஏ சேக்காட்டு மவராசி, இத்தன நாளும் இந்த வாய எங்க வச்சிருந்த?” என்று அத்தையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அத்தை யார் முகத்தையும் பார்த்து நிறுத்தவில்லை. முகமெல்லாம் சிவந்து, கையை ஆட்டி ஆட்டி அவர் பேசியதை அன்றுதான் பார்த்தேன். சாயங்காலக் குழாய்த் தண்ணீர் வந்து, குடங்கள் வரிசையில் காத்திருந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓர் எழுத்து விடாமல் படித்துக் காட்டினேனே! அழ வேண்டிய இடத்தில் அழுதும் காட்டினேனே! எல்லோருக்கும் சரியாகப் புரிந்த கதையை இவர் மட்டும் இப்படித் தப்பும் தவறுமாகச் சொல்லி, நாலு பேர் எதிரில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாரே! நான் எங்கேயோ வேகமாகப் படித்துவிட்டேன் என்று தோன்றியது. குற்றம் என்னுடையதுதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவிடம் அதே கட்டை மறுபடியும் வாங்கிக்கொண்டு போனேன். அத்தை பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “இன்னா கண்ணு, புதுக் கதையா?” என்றார்.

“இல்லை அத்தை, அதேதான். இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கிறேன். கவனமாகக் கேளுங்க.”

துணியைத் தள்ளி வைத்துவிட்டு, சம்மணம் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, இந்தத் தடவை அவருக்கு எப்படியும் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு படிக்க ஆரம்பித்தேன்.